துரை நாயும் ஆபீசர் பூனையும்

ஜூன் 7, திங்கள்

காலையில் தூறல், பத்து மணிக்கு மேல் வெயில். பத்து என்பது டோக்கியோ நேரம். பழைய கடிகாரத்தைக் கேட்டால் எட்டரை என்று சொல்லும்.

இன்றைக்குச் செய்ய: போலீஸ் ஸ்டேஷன் சைக்கிள் இரண்டு, செயின். மில்காரர் சைக்கிள், பின் சக்கரம் (டியூப் ஏது, ரப்பர் குழாயைச் சுற்றி ஓட்டவேண்டியதுதான்). செயினுக்குத் தேங்காயெண்ணெய். கடைப் பலகை.

பலகையில் எழுத்து மங்கிவிட்டதாம், மறுபடி எழுத வேண்டுமாம். முன்பு தமிழில் இருந்தபோது அடியில் ஒரு வரி போட்டிருந்தேன்: 'கடையில் விட்டுச் செல்லும் எதற்கும் கடைக்காரர் பொறுப்பல்ல.' துரைக்குக் கார் ஓட்டிய காலத்தில் கிளப்பு வாசலில் பார்த்துக் கற்றுக்கொண்டது. வெள்ளைக்காரன் ஓடி ஜப்பான்காரன் வந்ததும் எல்லாப் பலகைக்கும் சுண்ணாம்பு அடித்து அவன் எழுத்தில் எழுதச் சொன்னார்கள். எனக்கு எழுதிக் கொடுத்தவர் எங்கள் துரையின் ஏழாங்கட்டைத் தோட்டத்துப் பெரிய கிராணி, ஆபீஸ் கணக்கெழுதுகிறவர். ஜப்பான் பாஷை வகுப்புக்கு மூன்று மாதம் போனவர். என் கடைப் பெயரைத்தான் எழுதினாரா, 'இவனைக் கவனியுங்கள்' என்று எழுதினாரா, யார் கண்டது.

(இனி அவரை பெ.கி. என்றுதான் எழுதுவேன். இந்த நோட்டு துரை காரின் பழைய மைல் நோட்டு, தலைப்பெல்லாம் இங்கிலீஷ். சிக்கினால் அதற்கே உதை. பஞ்சர் டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறேன். பாக்கியத்துக்கும் தெரியாது. பெண்டாட்டிக்குத் தெரிந்தால் ரேஷன் வரிசைக்கே தெரியும்.)

பதினொன்றுக்கு பெ.கி. வந்தார். கூடவே அவர் மச்சான், மனைவியின் தம்பி. படிய வாரிய தலை, வேலை பார்த்துப் பழகாத கை. பெ.கி. கண் நேராகச் சுவரில் இருக்கும் என் சீட்டுக்குப் போயிற்று. சிவப்பு முத்திரை போட்ட சீட்டு, கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருக்கிறேன். ஸ்டேஷன் சைக்கிள்களை ரிப்பேர் செய்கிற கடை, கடைக்காரரையும் அதில் பெயர் எழுதிய ஒரு வேலையாளையும் வேறு வேலைக்கு எடுக்கக்கூடாது என்று அதில் இருக்கிறது. அது சுவரில் இருக்கும்வரை எனக்குச் சயாம் இல்லை. அங்கே ரயில் பாதை போடத் தோட்டம் தோட்டமாக ஆள் எடுக்கிறார்கள். போனவர்களில் ஒருவரிடமிருந்தும் இதுவரை கடுதாசி இல்லை.

"வேலையாள்னு ஒரு வரி காலியா கெடக்கே, வீராசாமி. நம்ம மச்சான் பேரப் போட்டுடு," என்றார்.

சம்பளம் கொடுக்க வழியில்லை என்றேன். சம்பளமே வேண்டாம் என்றார். சம்பளம் வேண்டாத வேலையாள் எதற்கு வருவான்? நாளைக்குக் கடையே அவனுடையது என்பான். பாக்கியத்தின் தம்பிக்காக அந்த வரியை வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பாக்கியத்துக்குத் தம்பியே கிடையாது.

பெ.கி. கோபப்படவில்லை. அதுதான் உறுத்துகிறது. போகும்போது, ஜப்பான் ஆபீசர் வீட்டுக் குசினிக்காரர் சூசை இங்கே எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டார். பன்னிரண்டு வாக்கில், பசாருக்குப் போகிற வழியில் என்றேன். எதற்குக் கேட்டார்? நானும் சூசையும் என்ன பேசுகிறோம் என்று வேவு பார்க்கிறாரோ?

சூசையையும் நான் நம்புவதில்லை. ஐம்பது வயது. ஆஸ்பத்திரி துரை பங்களாவில் சமைத்தவர். அந்தத் துரை ஓடினார், ஆபீசர் அதே பங்களாவுக்கு வந்தார், சூசை அதே குசினியில். சயாம் லிஸ்டில் கையெழுத்துப் போடுவது அந்த ஆபீசர்தான். என் சீட்டில் இருப்பதும் அவர் முத்திரைதான். அவர் வீட்டில் அரிசிச் சோறு சாப்பிடுகிற மனிதர் தினமும் என் கடைப் பெட்டிமேல் உட்கார்ந்து, பிள்ளைகள் என்ன சாப்பிட்டார்கள் என்று விசாரிப்பானேன்? மரவள்ளி என்கிறேன். அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது.

ஜூன் 8, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். நாளைக்கு யாராவது மாற்றிச் சொன்னால் எனக்காவது நினைவிருக்க வேண்டும்.

பன்னிரண்டுக்குச் சற்று முன். நல்ல வெயில். முச்சந்தி மரத்தடியில் ஜப்பான் சென்ட்ரி காவல், துப்பாக்கியோடு, வழக்கம்போல. பெ.கி. வந்தார், கையில் ரெக்ஸ்.

ரெக்ஸ் எங்கள் துரையின் நாய். ஜப்பான் சண்டை வந்து துரை ஓடியபோது பட்டர்வொர்த் வரை நான்தான் ஓட்டினேன். நாய்க்கு இடமில்லை என்று விட்டுவிட்டார். பங்களா மேசை நாற்காலியோடு அதையும் பெ.கி. எடுத்துக்கொண்டு, ராஜா என்று பெயர் மாற்றினார். அது அந்தப் பெயருக்குக் காதைக்கூட ஆட்டுவதில்லை.

காப்பிக் கடைவரை போய் வருகிறேன், பிடி என்று கயிற்றை நீட்டினார். வாங்கிவிட்டேன்.

எங்கள் தோட்டத்தில் ஒரு பழக்கம். மாடோ ஆடோ, கயிற்றைக் கையில் வாங்கினவன்தான் அது திரும்பக் கை மாறும்வரை பதில் சொல்ல வேண்டும். கூலி லயத்து வீட்டு மாடுகளை மேய்க்கிறவன் காலையில் கயிறு வாங்கினால் மாலைவரை அவை அவன் மாடுகள். பள்ளத்தில் விழுந்தாலும் சரி, இன்னொருவர் மாட்டைக் குத்தினாலும் சரி, கோயில் முன்னால் அவன்தான் கை கட்டி நிற்பான். அதனால் தெரிந்தவன் எவனும் சும்மா கயிறு வாங்கமாட்டான், தூணில் கட்டிவிட்டுப் போ என்பான். நானும் அப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும். ஒன்பது வருஷம் துரை நீட்டும்போதெல்லாம் அதே கயிற்றை வாங்கிய கை. தானாக நீண்டுவிட்டது. கழுதை.

சக்கரத்துக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. கயிற்றைக் காலடியில் மிதித்துக்கொண்டேன்.

சூசை வந்தார். ஆபீசரின் சைக்கிள் (ஊரிலேயே அதில்தான் உண்மையான டியூப்), முன்கூடையில், தினமும்போல, ஆபீசரின் பூனை. வெள்ளை, கட்டை வால். ரெக்ஸ் எழுந்ததுதான் தெரியும். கயிறு என் காலை வாரிக்கொண்டு போயிற்று, சைக்கிள் சாய்ந்தது, கூடை மூடி திறந்தது, பூனை நாயின் வாயில்.

வாலைப் பிடித்து இழுத்தேன். தண்ணீரை ஊற்றினேன். பெ.கி. ஓடிவந்து ராஜா, ராஜா என்று கத்தினார். நாயா கேட்கும்? சூசைதான் அதன் வாய்க்குள் கையை விட்டுத் தாடையைப் பிரித்தார். பூனைக்குப் பின்னங்கால் ஒடிந்து தொங்குகிறது, ஒரு காது கிழிசல். சூசையின் வலது கையில் பல் ஆழமாக இறங்கிவிட்டது. சட்டையைச் சுற்றிக்கொண்டு, பூனையை மார்போடு அணைத்துத் தூக்கிப் போனார்.

பெ.கி. பூனையைப் பார்க்கவில்லை, சூசையின் கையையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"கயிறு ஒன் கையிலதானே இருந்துச்சு, வீராசாமி. எல்லாரும் பாத்தாங்க."

ஜூன் 9, புதன்

வெயில். ஸ்டேஷன் சைக்கிள் ஒன்று முடிந்தது. சின்னவனுக்கு இருமல்.

பெ.கி. நாயை அவிழ்த்துக்கொண்டு போகவில்லை. விசாரணை முடியும்வரை உன்னிடமே இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினார். நாய் என் கடைத் தூணில் இருந்தால் பார்க்கிறவர்களுக்கு என் நாய். எல்லாம் யோசித்துத்தான் செய்கிறார்.

யார் பொறுப்பு? எனக்குத் தெரிந்த சட்டத்தை எழுதிப் பார்க்கிறேன். சட்டம் நான் படித்ததில்லை, ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு கேட்டது. சண்டைக்கு முன்னால் ஒரு நாள் கிளப்பில் ரெக்ஸ் ஒரு துரைசானியின் பூனையைப் பிடித்துவிட்டது. துரை 'லீவிட்', விட்டுவிடு, என்று ஒரே ஒரு சொல் சொன்னார், உடனே விட்டது. திரும்பி வரும்போது காரில் கூட வந்த வக்கீல் துரை சொன்னார்: முதல் தடவை கடித்தால் சொந்தக்காரனைப் பிடிப்பது கஷ்டம், அதன் குணம் அவனுக்குத் தெரியாது; இன்றிலிருந்து உனக்குத் தெரியும், அடுத்த தடவை தப்ப முடியாது. கிளப்பையும் பிடிக்க முடியாது, இடம் கொடுத்தது குற்றமில்லை. ஆனால் கிளப்பு ஆள் நாயைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வாங்கி அசட்டையாக விட்டிருந்தால் அது வேறு. எங்கள் துரை சிரித்தார். மறுநாள் துரைசானிக்கு ஒரு கேக் போயிற்று, அதோடு முடிந்தது.

ஆக:

பெ.கி. நாய்க்குச் சொந்தக்காரர். அன்று கிளப்பு வாசலில் கடுதாசிக் கட்டோடு நின்று எல்லாவற்றையும் பார்த்தவர். பூனையைக் கண்டால் விடாத நாய் என்று தெரிந்தே ஊருக்குள் கொண்டுவந்தார். முழுக்க அவர் தலையில்.

நான். கடை என்னுடையது, அது குற்றமில்லை. ஆனால் கயிறு. எனக்கும் நாயின் குணம் தெரியும். பலகையில் அந்த வரியும் இப்போது இல்லை.

சூசை. கூடை மூடியின் வாரை மாட்டியிருந்தாரா? சரியாகப் பார்க்கவில்லை. மாட்டவில்லை என்று நினைக்கிறேன். மாட்டவில்லை என்றே வைத்துக்கொள்வோம்.

இதெல்லாம் துரை சட்டம். துரையே ஓடிவிட்டார். ஆபீசர் சட்டம் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

பாக்கியம் சொல்கிறாள், பேசாமல் பெ.கி. மச்சான் பெயரை அந்த வரியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், அவர் உங்களைக் காப்பாற்றுவார் என்று. இவளுக்கு இந்த யோசனை எங்கிருந்து வந்தது? நேற்று ரேஷன் வரிசையில் பெ.கி. வீட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றாளாம். கேட்டால், இனி உங்கள் வாய்க்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டுதான் வரிசையில் நிற்க வேண்டும் என்கிறாள்.

ஜூன் 10, வியாழன்

மேகமூட்டம். எண்ணெய் கிடைக்கவில்லை.

பன்னிரண்டுக்கு சூசை. நடந்தே வந்தார். கையில் கட்டு. பூனையின் காலுக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருக்கிறாராம், கஞ்சி குடிக்கிறதாம். ஆபீசர் குதித்தாராம், யார் நாய் என்று கேட்டாராம். என்ன சொன்னீர்கள் என்றேன். நாய் வந்தது, கடித்தது, அவ்வளவுதான் சொன்னேன் என்றார். நம்புவதா?

பிறகு ரெக்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இந்த நாய்க்கு இங்கிலீஷ்தானே தெரியும், தம்பி?"

சக்கரத்தில் குனிந்துகொண்டேன். நாய்க்கு என்ன பாஷை என்றேன்.

இதை இங்கே மட்டும் எழுதுகிறேன். அன்றைக்கு அந்தச் சொல் என் நாக்கில் வந்து நின்றது. லீவிட். ஒரு சொல். சொல்லியிருந்தால் பூனை கீழே விழுந்திருக்கும், ஒரு கீறலோடு போயிருக்கும். இருபதடியில் சென்ட்ரி. போன மாதம் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் பழக்க தோஷத்தில் யாருக்கோ 'குட் மார்னிங்' சொல்லிவிட்டு, அதே மரத்தடியில் அறை வாங்கி, கல்லைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வெயிலில் முழங்காலில் நின்றார். அதை நினைத்து விழுங்கிவிட்டேன். பெ.கி.யும் விழுங்கினார். அவர் உதடு அதற்காக விரிந்து, சென்ட்ரி பக்கம் பார்த்து, ராஜா என்று மாறியதை என் கண்ணால் பார்த்தேன். சூசைக்கு அந்தச் சொல் தெரியாது. தெரிந்திருந்தால் கையை விட்டிருக்கமாட்டார்.

ஆனால் எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதைத்தான் இன்று வந்து தொட்டுக் காட்டிவிட்டுப் போகிறார். என்ன கேட்கப் போகிறாரோ.

ஜூன் 11, வெள்ளி

நாள் முழுக்க மழை. ஒரு சைக்கிளும் வரவில்லை. கான்ஸ்டபிள் வந்தார்: நாளை பத்து மணிக்கு ஆபீசர் பங்களா. நான், பெ.கி., சூசை, நாய். மொழிபெயர்ப்பு யார் என்று கேட்டேன். பெ.கி.தான்.

குற்றம் சாட்டப்பட வேண்டியவரே மொழிபெயர்ப்பு.

பாக்கியம் என் வெள்ளைச் சட்டையைத் துவைத்து அடுப்புக்கு மேலே காயப்போட்டிருக்கிறாள். பிள்ளைகளிடம் சத்தம் போடாதீர்கள் என்று மட்டும் சொன்னாள். சீட்டைச் சட்டத்திலிருந்து எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன்.

ஜூன் 12, சனி

திரும்பி வந்துவிட்டேன். முதலில் அதை எழுதிவிடுகிறேன். சீட்டு திரும்பச் சுவரில்.

ஆபீசர் பிரம்பு நாற்காலியில், மடியில் பூனை. குனிந்து வணங்கினோம். என்னைக் கேட்டார்கள். நாய் என்னுடையது அல்ல, பிடிக்கக் கொடுத்தார்கள், மீறிப் போய்விட்டது என்றேன். அவ்வளவுதான். பெ.கி. அதை மொழிபெயர்க்க ஒரு சுருட்டு பிடிக்கிற நேரம் எடுத்துக்கொண்டார். நடுவில் என் பெயர் மூன்று தடவை வந்தது. நான் என் பெயரைச் சொல்லவே இல்லை. என்ன சொன்னீர்கள் என்று தமிழில் கேட்டேன்.

"நாய் என்னுதில்லன்னு சொல்லிட்டேன். தொரை நாய். நீ தொரை டிரைவர்."

ஆபீசர் எங்கள் இருவரையும் நாயைக் கூப்பிடச் சொன்னார். யாரிடம் போகிறதோ அவன் நாய். பெ.கி. ராஜா என்றார். அசையவில்லை. சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை அவருக்கு. நான் தமிழில் வா என்றேன். வரக்கூடாது என்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்டே கூப்பிட்டேன். அதுவும் அசையவில்லை. மூச்சு வந்தது. ஆபீசர் ஏதோ கேட்டு பெ.கி. பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது அந்தப் பாழாய்ப்போன நாய் எழுந்து, மெதுவாக வந்து, என் பாதத்தின்மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. குட்டியாக இருந்தபோது கார் ஷெட்டில் அப்படித்தான் படுக்கும்.

எல்லாரும் என் காலைப் பார்த்தார்கள். ஆபீசர் கையை நீட்டினார். சீட்டுக்குத்தான். மடியை அவிழ்க்க விரல் வரவில்லை.

அப்போது சூசை முன்னால் போனார். பெ.கி.யிடம் சொல்லவில்லை, நேராக ஆபீசரிடம், குசினியில் கற்றுக்கொண்ட ஜப்பான் பாஷையில். இடுப்பு மடியக் குனிந்து, பூனையைக் காட்டி 'நெக்கோ' என்றார். கூடை வாரைப் போடுவதுபோலக் கையைக் காட்டி, இல்லை என்று தலையை ஆட்டினார். தன் நெஞ்சைத் தொட்டு, 'வத்தாஷி, வருய்' என்றார். நான், தப்பு. எனக்கே புரிந்தது.

ஆபீசர் பூனையை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து வந்து சூசையை இரண்டு அறை அறைந்தார். பிறகு சிரித்தார். நாய் நாய் வேலையைச் செய்தது, பூனையை வெளியே கொண்டுபோனவன்தான் அதற்குப் பொறுப்பு என்றாராம். முடிந்தது, போங்கள்.

பெ.கி. ஏன் சிரித்தார்? தோற்றவர் அல்லவா அவர்? வாசல் தாண்டும்போது பார்த்தேன், வாயோரத்தில் சிரிப்பு.

ஜூன் 14, திங்கள்

வெயில். மில்காரர் சைக்கிள் முடிந்தது. சின்னவன் இருமல் அப்படியே. நாய் இங்கேதான். ஆபீசர் முன்னால் என்னுடையது இல்லை என்று சொன்னவர் எப்படித் திரும்பக் கேட்பார்?

சூசை வந்தார். கை முழங்கைவரை வீங்கியிருக்கிறது. உப்புப் போட்ட சுடுதண்ணீர் கேட்டார், கொடுத்தேன். கையை அதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாங்காமல் கேட்டுவிட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள், வாரை மாட்டவில்லையா என்று.

"மாட்டித்தான் இருந்தேன். விழுந்ததுல அந்துபோச்சு. என்னைன்னா அறைவாரு, அப்புறம் சூப்பு வையின்னுவாரு. ஒன்னையின்னா ரயிலுக்குல்ல அனுப்புவாரு."

பிள்ளைக்காரன் நீ என்றார். அந்தச் சொல்லைப் பற்றியும் சொன்னார்: நீ சொல்லியிருந்தால் சென்ட்ரி உன்னைக் கொன்றிருப்பான், சொல்லாததுதான் சரி. நான் கேட்காமலே சொன்னார்.

ஒன்றும் கேட்காமல் எழுந்து போனார். இப்படி யார் செய்வார்கள்? எனக்கு அண்ணனா தம்பியா? பெரிதாக ஏதோ கேட்பதற்காகச் சேர்த்து வைக்கிறார் என்றுதான் படுகிறது.

ஜூன் 15, செவ்வாய்

தூறல். நான் நினைத்தது சரி, கேட்டுவிட்டார்.

காலையில் கத்தி பிடிக்க முடியவில்லையாம். சீழ் வெட்டுப் பலகையில் சிந்தியதை ஆபீசர் பார்த்துவிட்டு, அசிங்கம் என்று வெளியே தள்ளிவிட்டாராம். குசினியை விட்டு வந்தவருக்குச் சீட்டு இல்லை. சீட்டு இல்லாதவன் லிஸ்டில் விழ எத்தனை நேரம்.

"ஒன் சீட்டுல ஒரு பேருக்கு எடம் இருக்குல்ல, தம்பி? கை ஆறுற வரைக்கும்."

நாளைக்குப் பார்ப்போம், அண்ணே என்றேன். அவர் சரி என்று சொல்லிவிட்டுப் போனார். பெட்டிமேல் உட்காரக்கூட இல்லை.

யோசிக்க வேண்டும். கை விளங்காதவரை வேலையாள் என்று எழுதினால் ஸ்டேஷனில் கேட்கமாட்டார்களா? பாக்கியத்தின் தம்பி என்று பெ.கி.யிடம் சொல்லியிருக்கிறேனே, அது என்னாவது? இவர் கடைக்குள் வந்துவிட்டால் அந்த இங்கிலீஷ் விஷயத்தை வைத்து என்னை ஆட்டிவைக்கமாட்டாரா? பெ.கி.யே அனுப்பியிருந்தால்? ஒரு நாள் பொறுப்பதில் ஒன்றும் குடி முழுகிவிடாது. மை வேறு காய்ந்து கிடக்கிறது.

பாக்கியத்திடம் சொன்னேன். இப்போதே எழுதிக் கொடுங்கள் என்றாள். நாளைக்கு என்றேன்.

ஜூன் 16, புதன்

மழை இல்லை.

காலையில் லாரி. பாக்கியம் ரேஷனுக்குப் போனவள் ஸ்டேஷன் ரோட்டில் பார்த்திருக்கிறாள். நாற்பது பேருக்கு நடுவில் சூசை, வீங்கிய கையை மற்ற கையால் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு. இவளைப் பார்த்துவிட்டு, சின்னவனுக்கு இருமல் தேவலையா என்று கேட்டாராம். லாரி கிளம்பிவிட்டதாம், இவள் பதில் சொல்வதற்குள்.

வந்து அடுப்படியில் உட்கார்ந்தவள்தான். திட்டினாலாவது தேவலை.

மை காயவில்லை. நேற்று எழுதியதும் இந்த மையில்தான், இன்றும் இதோ எழுதிக்கொண்டுதானே இருக்கிறேன். சீட்டை இறக்கி அந்த வரியைப் பார்த்தேன். ஒரு பெயர் எழுதுகிற இடம். சூசை என்று இரண்டு எழுத்து.

வேலை ஓடவில்லை. கடையைச் சாத்திவிட்டேன்.

ஜூன் 17, வியாழன்

வெயில். ஸ்டேஷன் சைக்கிள் இரண்டாவது, செயின் கண்ணி இரண்டு குறைகிறது.

பன்னிரண்டு மணிக்கு, சூசை வருகிற அதே நேரம், ஆபீசரின் சைக்கிள் வந்தது. ஓட்டி வந்தது பெ.கி.யின் மச்சான். படிய வாரிய தலை, இடுப்பில் சமையல் துண்டு. கூடையில் பூனை. காலில் மூங்கில் பத்தை, சூசை கட்டியது அப்படியே இருக்கிறது. சனிக்கிழமையே குசினியில் சேர்ந்துவிட்டானாம், காய் நறுக்க என்று. இப்போது முழுச் சமையலும் அவன்தானாம். மாமா, அதாவது பெ.கி., ஆபீசரிடம் பேசினாராம். பல்லைக் காட்டிக்கொண்டு சொல்கிறான்.

ஆக, என் கடைக்காக இல்லை. சூசை எத்தனை மணிக்கு வருவார் என்று பெ.கி. கேட்டது சூசைக்காகத்தான். பூனையோடு வருவார் என்று தெரிந்து, பூனையை விடாத நாயை அந்த நேரத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார். கயிறு யார் கையில் இருந்தால் அவருக்கென்ன. யார் போனாலும் ஓர் இடம் காலி. எல்லாரையும் சந்தேகப்பட்டேன், ஒரு வாரமாக. சந்தேகப்பட வேண்டிய பெ.கி.யையோ, என் சீட்டுக்குக் கண் வைக்கிறார் என்று மட்டும் சந்தேகப்பட்டேன். சந்தேகப்படாமல் சூசை ஒருவரையாவது விட்டிருக்கலாம்.

மச்சான் சைக்கிளைச் சாய்த்து நிறுத்தினான். ரெக்ஸ் எழுந்தது. தூணில் கட்டியிருந்தேன், ஆனால் கயிறு நீளம். பூனை அதைப் பார்த்துக் கூடைக்குள் சுருண்டது. சென்ட்ரி மரத்தடியில் இருந்தான், அதே இருபதடி.

லீவிட் என்றேன். மெதுவாகச் சொல்லவில்லை.

நாய் உடனே உட்கார்ந்துவிட்டது.

என்ன சொன்னீங்க என்றான் மச்சான். ஒன்றுமில்லை, காற்று எந்தச் சக்கரத்துக்கு என்றேன்.

சென்ட்ரியைப் பார்த்தேன். கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.